டூர்னிகெட் கட்டி முக்கால் மணியில் ஏறும் பிபி: என்ன செய்கிறீர்கள்?

காரைக்குடிப் பக்கம் மயக்க மருந்து டாக்டராக இருக்கிறேன். குழுவில் உள்ள சீனியர்களிடம் ஒரு சந்தேகம்.

போன வாரம் ஓர் ஆச்சிக்கு மூட்டு மாற்று. வளவு வீட்டுப் படிகூட ஏற முடியவில்லை என்று வந்தவர். முதுகில் ஊசி வேண்டவே வேண்டாம் என்றார், அதனால் முழு மயக்கம். தொடையில் டூர்னிகெட் (ரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கும் காற்றுப் பட்டை), அழுத்தம் 300 mmHg. முக்கால் மணி வரை பிபி 126/78. பிறகு மெல்ல ஏறி 178/100. மயக்கத்தின் ஆழம் சரியாகத்தான் இருந்தது. ஓபியாய்டு வகை வலி மருந்தான ஃபென்டனில் 50 மைக்ரோகிராம் இரண்டு தடவை கொடுத்தேன். நாடி கொஞ்சம் இறங்கியது, பிபி அசையவில்லை. சி நரம்பிழைகள் (மெதுவாக வலியைக் கடத்தும் மெல்லிய இழைகள்) வழியே வரும் வலி ஓபியாய்டுக்கு அவ்வளவாக மசியாது என்று படித்ததுதான், ஆனால் நேரில் பார்த்தால் கை பதறுகிறது. இன்னும் கொடுத்திருந்தால் காற்றை இறக்கியதும் மாட்டியிருப்பேன்: இறக்கிய ஐந்தே நிமிடத்தில் பிபி 98/56.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? டூர்னிகெட் கட்டுவதற்கு முன்பே வேறு வகை வலி மருந்து, சிறு அளவு கெட்டமினா, டெக்ஸ்மெடிடோமிடினா? ரெமிஃபென்டனில் (சீக்கிரம் வேகம் தணியும் ஓபியாய்டு) எங்களிடம் கிடையாது, அதை மட்டும் சொல்லாதீர்கள். அப்புறம், கட்டி 2 மணி நேரம் ஆகும் முன்பே காற்றை இறக்கச் சொன்னால் சர்ஜன் முறைக்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா?