பதின்மூன்று வயது டெஸ்க்டாப்பும் கொஞ்சம் காசும்

வீட்டு டெஸ்க்டாப் 2012இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "அப்பா, இதை எடைக்குப் போட்டுடலாம்" என்று மகள் சொல்லாத நாளில்லை.

எனக்கு முதலில் தோன்றியது பிராசசரை மாற்றலாம் என்றுதான். அதே சாக்கெட்டில் உட்காரக்கூடிய பழைய ஐ7 ஒன்றுக்குக் காசு கொடுக்கப் போனவன், சரி, ஒரு நாள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். பிராசசர் 8 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம், அதுவும் இறங்காமல் பத்து நிமிடம். ரேமில் 4க்கு 3.6 நிரம்பியிருந்தது. பிராசசர் பாவம், கையைக் கட்டிக்கொண்டு ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்திருந்தது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கே 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. விண்டோஸ் தொடங்கும்போது சின்னச் சின்னக் கோப்புகளை ஆயிரக்கணக்கில் தேடி ஓட வேண்டும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டியில் இந்தச் சுற்றலே கிடையாது.

அதனால் ஐ7ஐ விட்டுவிட்டு 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன் (சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் வழி). என் மதர்போர்டு எச்61 வகை, அதில் விநாடிக்கு 3 ஜிகாபிட் தரும் பழைய சாட்டாதான். பெட்டியில் விநாடிக்கு 500 எம்பி வேகம் என்று போட்டிருந்தாலும் எனக்கு 270 சொச்சம்தான் கிடைக்கிறது. பரவாயில்லை, பயன்பாட்டில் வித்தியாசம் தெரியவில்லை. 500 ஜிபி டிஸ்க்கை 480க்குள் குளோன் செய்ய, அதாவது அப்படியே நகலெடுக்க, முதலில் டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை (பார்ட்டிஷனை) சுருக்க வேண்டியிருந்தது. கேபிநெட்டில் அந்தச் சின்ன டிரைவுக்கு இடமே இல்லை. ஆடும் பாகம் எதுவும் உள்ளே இல்லாததால் இருபக்க டேப் வைத்து ஒட்டிவிட்டேன். அழகாக இல்லை, ஆனால் அசையவில்லை.

ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். விண்டோஸுக்கு முன்பே எழும் மதர்போர்டு நிரலான பயாஸில் சாட்டா, ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தது. ஏஎச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றினால் எஸ்எஸ்டி நன்றாக ஓடும் என்று மாற்றினேன். நீலத் திரை. திருப்பி ஐடிஇக்கே வந்து, விண்டோஸின் தொடக்க அமைப்புகள் இருக்கும் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை (அத்தியாவசிய நிரல்களோடு மட்டும் தொடங்குவது) டிக் செய்து, மறுபடி தொடங்கும்போது பயாஸில் ஏஎச்சிஐ வைத்தேன். சேஃப் மோடில் ஒருமுறை எழுந்ததும் டிக்கை எடுத்துவிட்டேன், சரியாகிவிட்டது. நாலு நிமிடத்துக்கு மேல் எடுத்தது இப்போது 25 விநாடியில் எழுந்து நிற்கிறது. ஏற்கெனவே இருந்ததைப் போலவே இன்னொரு 4 ஜிபி ரேம், பழையதுதான், தேடிப் பிடித்துப் போட்டேன். எல்லாம் சேர்த்துப் புதுக் கணினி விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

கடிகாரம் மட்டும் அவ்வப்போது 2012 ஜனவரி 1க்குப் போய்விடும். அது பழைய பழக்கம், விடுங்கள். இப்போது புதுத் தலைவலி: மின்சாரம் போய் வந்தால் சில நாள் அதே நீலத் திரை. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால், நான் வைத்த ஏஎச்சிஐ மறுபடி ஐடிஇ ஆகியிருக்கிறது. எஸ்எஸ்டியே கோளாறா? யாருக்காவது இப்படி ஆனதுண்டா? உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

*

உங்கள் கேள்விக்குப் பதில் தெரியாது. ரேம் என்றதும் என் கதை நினைவுக்கு வந்துவிட்டது.

8 ஜிபி டிடிஆர்3 வகை ரேம், மற்றவர்கள் சொன்ன விலையில் பாதி. சந்தோஷமாக வாங்கிவிட்டேன். மாட்டினால் திரை கறுப்பு, பீப் பீப் என்று நிற்காத சத்தம். கழற்றி, தங்க நிறத் தொடுமுனைகளை ரப்பரால் துடைத்து, இந்த ஸ்லாட் அந்த ஸ்லாட் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். இரவு ஒரு மணி வரை. பழைய 2 ஜிபியைப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல எழுகிறது!

மறுநாள்தான் விற்பனைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன்: 'ஏஎம்டிக்கு மட்டும்', அதாவது இன்டெல் இல்லாமல் ஏஎம்டி பிராசசர் உள்ள கணினிகளுக்கு. அந்த வகை ரேமில் ஒவ்வொரு சிப்பும் ஒரு தடவைக்கு 4 பிட் தரும். என்னுடையது போன்ற இன்டெல் டெஸ்க்டாப்புகள் 8 அல்லது 16 பிட் சிப்புகளைத்தான் ஏற்கும். நிறம், பின்கள், வெட்டு எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கடைசியில் தம்பியின் ஏஎம்டி கணினிக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கே சமர்த்தாக ஓடுகிறது. எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

*

நான் கிராபிக்ஸ் கார்டில் பட்டேன். அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒல்லியான டெஸ்க்டாப் ஒன்று கைக்கு வந்தது. நல்ல கார்டு ஒன்றைப் போட்டால் கேம் ஆடலாம் என்று கணக்கு. வந்த கார்டுக்குத் தனியாக 6 பின் மின் இணைப்பு வேண்டும். என் பவர் சப்ளையில் அது இல்லை. வேறு பவர் சப்ளை வாங்கலாமென்றால் மதர்போர்டில் வழக்கமான 24 பின்னே இல்லை, அந்த மாடலுக்கென்று தனி வடிவம். சரி என்று ஒரு மலிவு கன்வெர்ட்டர் கேபிளைக் கோத்தேன். ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்தில் ஒரு வாசம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தால், வெள்ளை பிளாஸ்டிக் முனை பழுப்பாகி ஒரு பக்கம் உருகி, பின்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போது ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் அரை உயரக் கார்டு போட்டிருக்கிறேன். ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்குள் அடங்குவதாக வாங்கினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

*

முதலில் எழுதியவருக்கு: எஸ்எஸ்டி மேல் பழி போடாதீர்கள். கடிகாரம் 2012க்குப் போவதும், ஏஎச்சிஐ ஐடிஇ ஆவதும் ஒரே நோய். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். கணினிக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால் பயாஸ் பிறந்த நிலைக்குத் திரும்பிவிடும். உங்கள் போர்டு பிறந்தபோது ஐடிஇ. அவ்வளவுதான். முன்பும் இது நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். அப்போது அமைப்பும் ஐடிஇயாகவே இருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை.

மாற்றும் முன் பயாஸ் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கேபிநெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள்.

*

எல்லாரும் ஜெயித்த கதையே சொல்கிறீர்கள். நான் தோற்றவன். முதலில் ரேம், அப்புறம் எஸ்எஸ்டி, அப்புறம் பவர் சப்ளை. மூன்றாவது மாதம் மதர்போர்டு போய்விட்டது. பிராசசர் பக்கத்துக் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சீராக்கும் சின்ன உருளைகள்) உச்சி உப்பி, இரண்டில் பழுப்புக் கசிவு. முதல் நாளே டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நைந்த துணியில் தையல் நிற்காது. எஸ்எஸ்டி மட்டும் புதுக் கணினிக்கு வந்துவிட்டது. ரேம் பழைய டிடிஆர்3 வகை என்பதால் அதில் பொருந்தாமல் மேசை டிராயரில் தூங்குகிறது.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. மூன்றாம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசசர் பட்டியலில் கிடையாது. அந்தக் கணினியில் வங்கி வேலை பார்ப்பவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். என் அம்மாவின் பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். தமிழ்99 விசைப்பலகை வேலை செய்கிறதா என்பது ஒன்றுதான் அவர் கேட்ட கேள்வி. செய்கிறது.

*

பேட்டரிதான்! மல்டிமீட்டரில் 2.3 வோல்ட் காட்டியது. பழையதை எடுக்கச் சின்னக் கொக்கியை நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. நேற்று இரவு முழுக்க பிளக்கைப் பிடுங்கியே வைத்திருந்தேன். காலையில் தேதி சரி, நேரம் சரி, ஏஎச்சிஐ அப்படியே இருக்கிறது. டார்ச் அடித்து கெப்பாசிட்டர்களையும் பார்த்துவிட்டேன், எல்லாம் தட்டையாகத்தான் இருக்கின்றன. லினக்ஸ் மின்ட்டை அடுத்த வாரம் பென் டிரைவில் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், அதற்குக் கணினி காலியாக வேண்டும். எடைக்குப் போடலாம் என்றவள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதாக இல்லை. இதையே போனில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.