ஹேண்ட்பால் 6-0 டிஃபென்ஸில் (ஆறு பேரும் 6 மீட்டர் கோட்டருகே வரிசையாக நிற்பது) நடு ஓட்டையாகிறது: என்ன பயிற்சி கொடுக்கலாம்?

கிழக்குமைதானம்: 17 வயதுக்குட்பட்ட பெண்கள் ஹேண்ட்பால் அணி. எதிரணி சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவிலிருந்து தாக்குபவர்) 9 மீட்டர் கோட்டருகே எம்பினாலே எங்கள் நடு ஆட்கள் இருவரும் சேர்ந்து முன்னே போய்விடுகிறார்கள். பின்னால் எதிரணியின் பிவட் (6 மீட்டர் கோட்டருகே நம் டிஃபெண்டர்களுக்கு நடுவே நிற்பவர்) தனியாக நிற்கிறார். அட்டாக்கிலோ எல்லோரும் நின்ற இடத்திலேயே பாஸ் வாங்குகிறார்கள். எங்கே தொடங்கலாம்?

பிவட்6: யார் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் சார். எறியும் கைக்கு நேரே நிற்பவர் போக வேண்டும். அடுத்தவர் பிவட்டுக்கும் பந்துக்கும் நடுவே நகர வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் உள்ளே ஒடுங்கி இடைவெளியை அடைக்க வேண்டும். 8 மீட்டர் அகலத்தில் கூம்பு வைத்து, இரண்டு பேக், ஒரு பிவட், எதிரே மூன்று டிஃபெண்டர். 40 விநாடி ஆட்டம், அதே அளவு ஓய்வு, ஐந்து சுற்று. "நான் போறேன்", "பிவட் என்கிட்ட" என்று கத்தாத சுற்று கணக்கில் வராது. சத்தம் இல்லாவிட்டால் இருவரும் பந்தையே பார்ப்பார்கள். உங்கள் சிக்கலின் வேர் அதுதான்.

தொடும்போது நெஞ்சு எதிராளிக்கு நேரே, முழங்கை மடங்கி, ஒரு கை எறியும் தோளருகே, மற்றது இடுப்பருகே. எம்பியவரைப் பக்கவாட்டில் தள்ளினால் 2 நிமிடம் வெளியே. 6 மீட்டர் கோட்டுக்குள் கால் வைத்துத் தடுத்து கோல் வாய்ப்பைக் கெடுத்தால் 7 மீட்டர் த்ரோ (பெனால்டி). முன்னே போனவர் முதுகைக் காட்டாமல் சாய்வாகப் பின்வாங்க வேண்டும்.

இடதுபேக்: அட்டாக்குக்கு: பாஸ் கொடுப்பவர் கையைத் தூக்கும்போதே வாங்குபவர் 11 மீட்டரிலிருந்து ஓடத் தொடங்க வேண்டும். ஓட வேண்டியது ஆளை நோக்கி அல்ல, இரண்டு டிஃபெண்டர்களுக்கு இடையே. அப்போதுதான் இருவரும் ஒடுங்குவார்கள், அடுத்தவருக்கு வழி கிடைக்கும். டிஃபெண்டர் அசையும் முன்பே பாஸ் கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. எம்பிய நிலையில் பந்தைப் பிடித்தால், தரையில் ஊன்றும் முதல் கால் ஸ்டெப் ஆகாது. அதற்குப் பிறகும் மூன்று உண்டு. இது தெரியாமல் பலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்.

சில சுற்றுகளில் நான்கே பாஸ் அனுமதியுங்கள். 2022 முதல் நடுவர் பாசிவ் (கோலுக்கு முயலாமல் பந்தை வைத்திருப்பது) எச்சரிக்கைக்குக் கை தூக்கிய பின் அவ்வளவுதான் கிடைக்கும்.

கோல்கீப்பர்_1: கீப்பரையும் சேர்த்துப் பழக்குங்கள். பிளாக் போடுபவர் (கைகளைத் தூக்கி ஷாட்டை மறிக்கும் டிஃபெண்டர்) எறியும் கைப் பக்கத்தை மூட வேண்டும், கீப்பர் மறுபக்கத்தை எடுக்க வேண்டும். இருவரும் ஒரே பக்கம் போனால் பாதி கோல் திறந்து கிடக்கும். பந்து 2ஆம் எண் தானே? 54–56 செ.மீ., 325–375 கிராம். ஆண்கள் பந்தில் பழகினால் பிடி நழுவி, பாஸைத் தள்ளிவிடப் பழகிவிடுவார்கள்.

கிழக்குமைதானம்: 2ஆம் எண் தான். இடது கைக்காரர் எறிந்தால் போகும் ஆள் மாறுமா?

பிவட்6: மாறும். வலது கைக்காரர் என்றால் உங்கள் நடு இருவரில் இடப்புறம் நிற்பவர். இடது கை என்றால் வலப்புறம் நிற்பவர்.