ஆழமில்லாத சின்ன மீன் தொட்டிக்கு என்ன செடி? வைத்ததெல்லாம் வீணாகிறது

நீர்க்குமிழி:
அவசரம், யாராவது சொல்லுங்கள். என் தொட்டி சின்னது, உயரமும் ரொம்பக் குறைவு. அமேசான் ஸ்வார்டு மஞ்சளாகிக் கரைகிறது. வாலிஸ்நேரியா தண்ணீர் மேல் படுத்துக்கொண்டு கீழே எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது. ஓரத்தில் வைத்த அனுபியாஸ் அடியில் அழுகுகிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம் என்று இருக்கிறேன். வேறு எது தாங்கும்?

பாசிப்பச்சை:
உயரம் எத்தனை செ.மீ.? அடியில் மணலா, சத்துள்ள மண்ணா? விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது? இதெல்லாம் தெரியாமல் செடி பெயர் சொல்வது கஷ்டம்.

கூழாங்கல்:
கார்பன் டை ஆக்சைடு போதவில்லை. இலை கரைந்தால் காரணம் அதுதான். சிலிண்டர் வாங்கி இணையுங்கள், எந்தச் செடியும் வளரும்.

பழைய_தொட்டி:
செடி எவ்வளவு உயரம் வளரும் என்று பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும். இது முதல் பாடம். அமேசான் ஸ்வார்டு 40 செ.மீ.க்கு மேல் போகும். வாலிஸ்நேரியா ஆழமான தொட்டியிலேயே மேலே வந்து படுக்கும். அனுபியாஸை மணலில் புதைத்திருப்பீர்கள், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இங்கே பலமுறை எழுதியாயிற்று, தேடிப் படியுங்கள்.

நீர்க்குமிழி:
நீளம் 45, அகலம் 30, உயரம் 18 செ.மீ. அடியிலிருந்து 15 வரை தண்ணீர், அதில் மணல் மட்டும் 4. வெறும் மணல்தான். விளக்கு காலையில் போட்டால் தூங்கப் போகும்போது அணைப்பேன். அனுபியாஸ் புதைத்துத்தான் இருக்கிறது அண்ணா, புதைக்காமல் எப்படி நிற்கும்?

பாசிப்பச்சை:
இப்போது புரிகிறது. மணலுக்கு மேல் 11 செ.மீ. தண்ணீர்தான், அதாவது ஏறக்குறைய 15 லிட்டர்.

அனுபியாஸைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் தடித்த தண்டு, ரைசோம் என்பார்களே, அது மண்ணுக்குள் போனால் அழுகும். அழுகிய பகுதியை வெட்டிவிட்டு, கெட்டியாக இருக்கும் துண்டைப் பருத்தி நூலால் ஒரு கல்லில் கட்டுங்கள். நாளாக ஆக வேர் கல்லைப் பிடித்துக்கொள்ளும். ஜாவா ஃபெர்னுக்கும் இதே முறைதான், ஆனால் அது உங்கள் தொட்டிக்கு உயரம் அதிகம்.

உங்கள் அளவுக்கு அனுபியாஸ் நானா பெட்டிட், புசெஃபலாண்ட்ராவில் சின்ன வகைகள், ஜாவா மாஸ் போதும். மூன்றுக்கும் மண் வேண்டாம். மணலில் ஏதாவது நட ஆசையிருந்தால் கிரிப்டோகோரைன் பார்வா. 5 செ.மீ. சுமாருக்குத்தான் வரும், ஆனால் மிக மெதுவாக வளரும். வேர்ப்பக்கம் ஒரு உர மாத்திரை புதையுங்கள். ஸ்வார்டு மஞ்சளானதற்கும் வெறும் மணலில் சத்து இல்லாதது காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று: பண்ணைகளில் நிறையச் செடிகளை இலை காற்றில் இருக்கும்படி வளர்க்கிறார்கள். தண்ணீருக்குள் வந்ததும் அந்த இலைகள் கரையும், பிறகு நீருக்கேற்ற புது இலை வரும். கிரிப்டோகோரைன் இடம் மாறினாலே இலையைக் கொட்டும். வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் பிடுங்காமல் பொறுத்திருங்கள்.

விளக்கை 6 முதல் 8 மணி நேரமாகக் குறையுங்கள். ஆழம் இல்லாததால் வெளிச்சம் செடிக்கு மிக அருகில் விழுகிறது. மெதுவாக வளரும் செடிகளின் இலைமேல் பாசி பிடித்துவிடும்.

கூழாங்கல்:
இவ்வளவு சொல்லிவிட்டு கார்பன் டை ஆக்சைடைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? எனக்கு அதற்குப் பிறகுதான் செடியே நின்றது.

பழைய_தொட்டி:
உங்களுடையது ஆழமான தொட்டி. இங்கே தண்ணீரின் அளவோடு பார்த்தால் மேற்பரப்பு அகலம். வாயு சீக்கிரம் வெளியேறும். அதை ஈடுகட்ட வேகமாக விட்டால் மீன் மூச்சுத் திணறும். அனுபியாஸுக்கு அது தேவையே இல்லை.

கூழாங்கல்:
தேவையில்லை என்றாலும் விட்டால் வேகமாக வளரும். அதை மறுக்க முடியாது.

பாசிப்பச்சை:
வளரும், சரி. அவர் கேட்டது வேகம் இல்லை, பிழைக்கிற செடி. நீர்க்குமிழி, மீன் என்னவென்று சொல்லவே இல்லையே?

நீர்க்குமிழி:
கோல்ட்ஃபிஷ் இரண்டு.

பழைய_தொட்டி:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவை மணலைக் கிளறிச் செடியைப் பெயர்க்கும், மெல்லிய இலையைத் தின்னும். பார்வாவும் மாஸும் நிற்காது. அதைவிட, 15 லிட்டரில் இரண்டு கோல்ட்ஃபிஷ் வளர்ப்பது மீனுக்கே கொடுமை. அவற்றின் கழிவில் வரும் அமோனியாவை அந்தத் தண்ணீர் தாங்காது. முதலில் மீனுக்குப் பெரிய தொட்டி பாருங்கள், செடி அப்புறம்.

பாசிப்பச்சை:
இதில் நானும் அவர் பக்கம்தான். மீன் மாறும் வரை கல்லில் கட்டிய அனுபியாஸ் மட்டும் இருக்கட்டும், தடித்த இலையை அவை பெரும்பாலும் விட்டுவிடும். தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், குளோரின் நீக்கிய தண்ணீராக இருக்கட்டும்.

நீர்க்குமிழி:
அனுபியாஸைக் கட்டிவிட்டேன். மீனைப் பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பர் எடுத்துக்கொள்கிறார். நன்றி.

கூழாங்கல்:
நல்லது. மீன் போன பிறகு வாலிஸ்நேரியாவை என்ன செய்யப் போகிறீர்கள்? நண்பருடைய தொட்டி உயரமாக இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.