ஆடிக் காத்து, வலது பக்கம் வேலி: டீயில் டிரைவரா, 3 வுட்டா, ஹைப்ரிடா?

கொழிஞ்சாம்பாறைக்காரன் கேட்டது:

வணக்கம்ங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல கால்ஃப் ஆடுறவங்க பதில் சொன்னா உதவியா இருக்கும்.

ஹோல் இதுதான்: பார் 4 (நாலு அடியில முடிக்க வேண்டியது), 372 யார்டு, வடக்கே பார்த்து அடிக்கணும். ஃபேர்வே (வெட்டின புல் பாதை) அகலம் சுமார் 30 யார்டு. நடுவிலிருந்து வலது பக்கம் 28 யார்டுல கம்பி வேலி, அதுக்கு அந்தப் பக்கம் ஓ.பி. (எல்லைக்கு வெளியே). இடது பக்கம் 215 முதல் 235 யார்டு வரை பங்கர் (மணல் குழி), அதையும் தாண்டி தென்னை. 250-ல குறுக்கே ஒரு வாய்க்கால்.

ஹேண்டிகேப் 19 (மொத்த ஆட்டத்துல 19 அடி சலுகை). வலது கை ஆட்டம், ஸ்லைஸ் உண்டு (பந்து வலது பக்கம் வளையும்). பையில இருக்கிற கிளப் (மட்டை): டிரைவர் 10.5 டிகிரி, 3 வுட் 15 டிகிரி, 4 ஹைப்ரிட் 22 டிகிரி, அதுக்குக் கீழே அயர்ன்.

கூட ஆடுறவங்க "3 வுட் எடுத்தா நேரா போகும்"னு சொல்றாங்க. பை தூக்கற கேடி அண்ணன் "அயர்னை எடுங்க"ங்கறார். எதை எடுக்கறதுன்னு எதை வெச்சு முடிவு பண்றது? டீ (பந்தை ஏத்தி வைக்கற முளை) எவ்வளவு உயரம் வைக்கணும்ங்கறதையும் சொல்லுங்க.

---

பனைமரத்து_பேர்டி:

டிரைவரை வித்துடுங்க. காசாவது மிஞ்சும்.

---

கஞ்சிக்கோடு_காத்தாடி:

மேலே சொன்னவரை விடுங்க தம்பி. நீங்க கிளப் பேரைக் கேக்கறீங்க. கேக்க வேண்டியது, ஒவ்வொரு கிளப்புலயும் உங்க பந்து எத்தனை யார்டு அகலத்துல சிதறுதுங்கறது. அது தெரியாம யார் பதில் சொன்னாலும் குறி சொல்ற மாதிரிதான்.

காத்து கிளம்பறதுக்கு முன்னே, காலையில ஆறரை மணிக்கு ரேஞ்சுக்கு (பயிற்சி இடம்) போங்க. தூரத்துல ஒரு கம்பத்தைக் குறி வெச்சு கிளப்புக்கு 20 பந்து அடிங்க. நல்லா விழுந்ததை மட்டும் எழுதற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு, அது வேண்டாம். இருபதையும் எழுதணும்: எவ்வளவு தூரம், குறியிலிருந்து இடமா வலமா, எத்தனை யார்டு. கிளப் பந்தோட தலையில் பட்டு உருண்டதும் கணக்கில் சேரணும். அந்த எண்ணிக்கையோட வாங்க, மீதியைப் பேசுவோம்.

அதுவரைக்கும் ஒண்ணு. டீ போடற இடத்திலேயே இலவசமா பத்து யார்டு கிடைக்கும். வலது பக்கம் வேலின்னா டீ பாக்ஸோட (முதல் அடி அடிக்கற இடம்) வலது ஓரத்துல பந்தை வையுங்க. பலர் பயந்து இடது ஓரத்துக்குப் போவாங்க, அது தப்பு. வலது ஓரத்துல நின்னா வேலியை விட்டு விலகி இடப்பக்கமா குறி வைக்க வாகா இருக்கும். பந்து இரண்டு மார்க்கருக்கும் (எல்லைக் குறி) நடுவுல, முன்கோட்டிலிருந்து பின்னாடி இரண்டு கிளப் நீளத்துக்குள்ள இருந்தாப் போதும். உங்க கால் மார்க்கருக்கு வெளியே இருக்கலாம், விதியில் தடை இல்லை.

---

வாளையார்_வளைவு:

3 வுட் நேரா போகும்ங்கறது பாதி உண்மை. ஷாஃப்ட் (தண்டு) டிரைவரை விட இரண்டு அங்குலம் குட்டை, அதனால கிளப் முகத்தின் நடுவுல படற வாய்ப்பு கூடும். லாஃப்ட் (முகத்தோட சாய்வு) கூடக்கூட பேக் ஸ்பின் (பின்சுழற்சி) ஏறும். முகம் அதே அளவு திறந்திருந்தாலும் பந்து பக்கவாட்டுல வளையறது குறையும். இது வரைக்கும் சரி. ஆனா அதன் தலை சின்னது, முகத்தின் உயரமும் குறைவு. டீயை டிரைவருக்கு வைக்கிற மாதிரி வெச்சா பந்துக்கு அடியில கிளப் நுழைஞ்சு, தலைமேல கீறல் விழும், பந்து நேரா வானத்துக்குப் போகும். அதுக்குப் பயந்து மேலே தூக்கி அடிச்சா உருண்டு ஓடும்.

டீ உயரம்: டிரைவருக்கு, கிளப்பைத் தரையில வெச்சா பந்தின் பாதி கிரௌனுக்கு (கிளப் தலையோட மேல்பகுதி) மேலே தெரியணும். பந்தின் குறுக்களவு 42.67 மி.மீ., அப்போ மேலே தெரியறது 21 மி.மீ. சொச்சம். தரையிலிருந்து பந்தின் அடி வரைக்கும் ஏறக்குறைய 38 மி.மீ. வரும். 70 மி.மீ. டீ வாங்கினா 32 மி.மீ. மண்ணுக்குள்ள போகும். 3 வுட்டுக்கு 10–12 மி.மீ., ஹைப்ரிடுக்கும் அயர்னுக்கும் 5–6 மி.மீ., உடைஞ்ச டீத் துண்டே போதும். பங்குனி சித்திரையில செம்மண் கல்லு மாதிரி ஆயிடும். டீயைக் குத்தினா ஒடியும். பையில ஒரு ஆணி வெச்சிருந்து முதல்ல துளை போட்டுக்கங்க.

டிரைவருக்குப் பந்து இடது குதிகாலுக்கு நேரா. 3 வுட்டுக்கு அங்கிருந்து ஒரு பந்து அகலம் உள்ளே, ஹைப்ரிடுக்கு இன்னும் ஒண்ணு உள்ளே.

எதிர்க்காத்துன்னா டீயைத் தாழ்த்தி வைக்கணும்னு ஒரு பழக்கம் இருக்கு. பெரும்பாலும் அது எதிராத்தான் வேலை செய்யும். தாழ்ந்த டீயைப் பாத்ததும் கை தானா மேலிருந்து கீழே வெட்டும், ஸ்பின் ஏறும், பந்து காத்துல பலூன் மாதிரி எழும்பி அங்கேயே விழும். டீ உயரம் அப்படியே இருக்கட்டும். கிரிப்பை ஒரு அங்குலம் கீழே பிடிச்சு, முக்கால் ஸ்விங்குல அடிங்க.

ஸ்லைஸ் எங்கிருந்து வருதுன்னும் பாத்துடுங்க. பந்துல ஒயிட்போர்டு மார்க்கரால பெரிய புள்ளி வெச்சு, புள்ளி கிளப் பக்கம் இருக்கிற மாதிரி டீயில வைங்க. பட்ட இடத்துல மை ஒட்டும். இல்லைன்னா முகத்தை ஈரத் துணியால துடைச்சு டால்கம் பவுடர் தூவுங்க (திருநீறு வேணாம்). தடம் ஷாஃப்ட் பக்கத்து ஹீல்ல விழுந்தா, ஸ்விங் சரியா இருந்தாலும் பந்து வலது பக்கம் சுத்தும். நடுவுல படாதப்போ கிளப் தலை தன் எடை மையத்தைச் சுத்தித் திரும்பறதால வர்ற கியர் விளைவு அது. அதுக்கு மருந்து கிளப்பை மாத்தறதில்லை, பந்துக்கு அரை அங்குலம் தள்ளி நிக்கறதா, இன்னும் கிட்ட வர்றதான்னு பாத்துக்கறது.

உங்க டிரைவர்ல லாஃப்ட் மாத்தற ஸ்லீவ் இருந்தா 10.5-ஐ 12-க்கு ஏத்துங்க. அப்படி ஏத்தும்போது முகம் கொஞ்சம் மூடிக்கும், ஸ்லைஸுக்கு நல்லது. உங்க ஸ்விங் வேகத்துக்கு 12 அதிகமில்லை.

---

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

அடிச்சுப் பாத்தேன்ங்க. காத்தில்லாத காலை, கிளப்புக்கு 20 பந்து.

டிரைவர்: சராசரி 208 யார்டு. இடது 12 முதல் வலது 44 வரை.
3 வுட்: சராசரி 188. இடது 20 முதல் வலது 38 வரை. மூணு பந்து தலையில் பட்டு உருண்டது.
ஹைப்ரிட்: சராசரி 172. இடது 14 முதல் வலது 24 வரை.

மார்க்கர் புள்ளி ஹீல் பக்கம்தான் விழுது.

---

கஞ்சிக்கோடு_காத்தாடி:

இந்த எண்களே பாதி பதில் சொல்லிடுச்சு. டிரைவர் அகலம் 56 யார்டு, 3 வுட் 58. தூரம் 20 யார்டு குறையுது, சிதறல் குறையவே இல்லை, உருட்டல் வேற. இப்போதைக்கு டீயில அதைத் தொடவே வேண்டாம். பின்னாடி காசு இருந்தா அதுக்குப் பதிலா 18 டிகிரி 5 வுட்டோ 21 டிகிரி 7 வுட்டோ பாருங்க.

காத்தில்லாத நாள்: டிரைவர். உங்க சிதறல் வலது பக்கம் சாஞ்சிருக்கு, அதனால ஃபேர்வே நடுவைக் குறி வெச்சா வேலிக்கு அந்தப் பக்கம் நிச்சயம் சில பந்து போகும். நடுவிலிருந்து 25 யார்டு இடது பக்கம் குறி வைங்க. அப்போ பந்து இடது 37-க்கும் வலது 19-க்கும் நடுவுல விழும். வேலி 28-ல இருக்கு, ஒன்பது யார்டு மிச்சம். இடது பக்கம் சில பந்து ரஃபுக்கும் (நீளப் புல்) தென்னைக்கும் போகும், போகட்டும்; அங்கிருந்து அடுத்த அடி உண்டு. வேலிக்கு வெளியே போனா அடியும் போச்சு, தூரமும் போச்சு.

ஆடி மாசம்: மேற்குக் காத்து. வடக்கே பாக்கற ஹோல்னா உங்களுக்கு இடமிருந்து வலம், ஸ்லைஸோட கூட்டுச் சேரும். மணிக்கு 24 கி.மீ. குறுக்குக் காத்து டிரைவர் பந்தைத் தோராயமா 15 யார்டு தள்ளும். பழைய குறியிலேயே நின்னா வலது எல்லை 34-க்கு வந்துடும், வேலி தாண்டி ஆறு. குறியை 40 இடது பக்கம் கொண்டு போனா கணக்கு சரியாகும், ஆனா அந்தக் கோடு தென்னைக்கு மேலேதான் போகும். அங்கே குறி வெச்சு நிக்க எல்லாருக்கும் மனசு வராது. கடைசி நொடியில உடம்பு தானா வலது பக்கம் திரும்பிடும்.

அப்போ ஹைப்ரிட். தாழ்வா, குறைஞ்ச தூரம் போறதால காத்துத் தள்ளல் 11 யார்டு அளவுதான். 18 யார்டு இடது பக்கம் குறி வெச்சா இடது 21 முதல் வலது 17 வரை. வேலி தொந்தரவு இல்லை, பங்கர் வரைக்கும் பந்து போகாது.

விலை என்னன்னா 36 யார்டு. உங்க அளவு ஆட்டத்துல 30 யார்டு குறைஞ்சா ஏறக்குறைய 0.2 அடி (ஸ்ட்ரோக்) நஷ்டம்னு வெச்சுக்கங்க, அப்போ 36-க்கு கால் அடி. ஓ.பி. ஒரு தடவைக்கு இரண்டு அடி. எட்டு டிரைவுக்கு ஒண்ணு வேலி தாண்டினா இரண்டும் சமம். அதுக்கு மேலே தாண்டினா ஹைப்ரிட், குறைஞ்சா டிரைவர். இதுக்குத்தான் இருபது பந்தையும் எழுதச் சொன்னது.

19 ஹேண்டிகேப்புக்கு இந்த ஹோல்ல குறைஞ்சது ஒரு அடி கையில இருக்கு, அஞ்சுல முடிச்சா நெட் பார் (சலுகை போக நாலு). ஹைப்ரிடுக்கு அப்புறம் 200 யார்டு மிச்சம் இருக்கும். அங்கேயும் 3 வுட்டை உருவாதீங்க, திரும்ப ஹைப்ரிட். 28 யார்டு சிப் (குட்டியா தூக்கி அடிக்கறது), இரண்டு பட் (குழிக்கு உருட்டறது).

மார்கழி, தை: கணவாய்க் காத்து திரும்பி கிழக்கிலிருந்து வரும். இப்போ வலமிருந்து இடம், உங்க ஸ்லைஸுக்கு அணை போடும். 12 யார்டு தள்ளும்னு வெச்சா, 10 யார்டு இடது பக்கம் குறி வெச்சாலே போதும். அந்த மாசங்கள்ல டிரைவரை தயங்காம எடுங்க.

காத்து எந்தப் பக்கம்னு டீயில புல்லைப் பிச்சுப் போட்டுப் பாக்கறது இங்கே ஏமாத்தும், டீயைச் சுத்தி மரம் இருந்தா கீழே அசைவே இருக்காது. பனை உச்சியைப் பாருங்க. இல்லைன்னா காத்தாடி மில்லு: இறக்கை எந்தத் திசையைப் பாத்து நிக்குதோ அங்கிருந்துதான் காத்து.

---

மூணாறு_மூடுபனி:

சமவெளிக் கணக்கை இங்கே தூக்கிட்டு வராதீங்க அண்ணா. ஆயிரம் அடி உயரத்துக்கு தூரம் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கூடும். மூணாறு ஐயாயிரம் அடின்னா சுமார் 6 சதவீதம், ஊட்டி ஏழாயிரத்துக்கும் மேலே, சுமார் 8. உங்க 172 இங்கே 182. காத்து அடர்த்தி குறைவுங்கறதால வளையறதும் கொஞ்சம் குறையும். விடியக்காலைக் குளிர் அதுல கொஞ்சத்தைத் திரும்பப் பிடுங்கிக்கும்.

இறக்கத்துல பார் 3 வந்தா, டீயிலிருந்து கிரீன் (குழி இருக்கிற புல்தரை) பத்து யார்டு தாழ்ந்திருந்தா பத்து யார்டைக் கழிச்சு கிளப் எடுங்க. உருண்டு நிக்கிற தூரத்தை இங்கே மறந்துடுங்க, பறந்து விழற தூரம் மட்டும்தான் கணக்கு.

---

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இன்னும் ஒண்ணு: மேற்கே பார்த்த பார் 3, 165 யார்டு. காத்தில்லாதப்போ ஹைப்ரிட் பறந்தே போய்ச் சேருது. ஆடியில என்ன அடிச்சாலும் முன்னாடி பங்கர்லயே விழுது. வலுவா அடிச்சா இன்னும் மோசம். 250-ல இருக்கிற வாய்க்காலைப் பத்தியும் யாரும் சொல்லலை.

---

வாளையார்_வளைவு:

வலுவா அடிக்கறதாலதான் விழுது. அழுத்தி அடிச்சா ஸ்பின்னும் உயரமும் சேர்ந்து ஏறும். காத்து வேகத்தை மைல்ல மாத்திக்கங்க (கி.மீ.-ஐ 1.6-ஆல் வகுக்கணும்): எதிர்க்காத்து ஒரு மைலுக்கு 1 சதவீதம் கூட்டணும், பின்காத்துக்கு அரை சதவீதம்தான் கழிக்கணும். 24 கி.மீ.-ன்னா 15 மைல், 165-ல 15 சதவீதம் 25 யார்டு. உங்களுக்கு அது 190 யார்டு ஷாட். ஹைப்ரிடால ஆகாது. டிரைவரை கிரிப் கீழே பிடிச்சு முக்கால் ஸ்விங்குல அடிக்கறவங்க உண்டு. உங்க சிதறலுக்கு வேண்டாம். அதே ஹைப்ரிடை இயல்பா அடிச்சு, பங்கர் இல்லாத பக்கமா கிரீனுக்கு முன்னாடி நிறுத்துங்க.

வாய்க்கால்: உங்க சராசரி 208. வெயில் காலத்துல தரை கெட்டியா இருந்து 25 யார்டு கூட உருண்டாலும் 233. அது உங்களுக்கு இல்லை, நீங்க ஹீல்ல அடிக்கறதை நிறுத்தினதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.

---

கஞ்சிக்கோடு_காத்தாடி:

விதி விஷயம் ஒண்ணு விட்டுப்போச்சு. வேலி தாண்டின சந்தேகம் வந்தா டீயை விட்டு நகர்றதுக்கு முன்னே "ப்ரொவிஷனல்"னு (தற்காலிகப் பந்து) வாய்விட்டுச் சொல்லிட்டு அடுத்த பந்தை அடிங்க. சொல்லாம அடிச்சா அந்தப் பந்துதான் ஆட்டத்துல இருக்கும், முதல் பந்து உள்ளே கிடைச்சாலும் எடுக்க முடியாது. தேடறதுக்கு மூணே நிமிஷம்.

ஸ்கோர் கார்டு பின்பக்கத்துல உள்ளூர் விதியைப் படிங்க. சில இடத்துல, திரும்ப டீக்குப் போகாம, பந்து வேலி தாண்டின இடத்துக்கு நேரா ஃபேர்வே ஓரத்துல இரண்டு அடி தண்டனையோட டிராப் பண்ண (பந்தைக் கையிலிருந்து விட) விடுவாங்க. அடுத்தது நாலாவது அடி. ப்ரொவிஷனல் அடிச்சுட்டா அந்தச் சலுகை கிடையாது. உங்களுக்கு மூணாவது அடியா டீயிலிருந்து திரும்ப அதே வேலியைப் பாத்து அடிக்கறதை விட, நாலாவது அடியை ஃபேர்வேயிலிருந்து அடிக்கறது லாபம்.