கோடை முகாமில் பிள்ளைகளுக்குத் தெருக்கூத்து: 10 நாளில் என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் முதுநகர்ப் பக்கம் மே மாதம் 10 நாள் முகாம். 8 வயசிலிருந்து 14 வரைக்கும் 24 பிள்ளைங்க. காலையில 6.30 முதல் 9.30 வரை. கடைசி நாள் அரங்கேற்றம். ‘முழுக் கதையும் ஆடுவாங்களா’ன்னு பெத்தவங்க கேக்கறாங்க. எவ்வளவு நேரத்துக்குக் கட்டலாம்? குரல், அரிதாரம், கிரீடம் இதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு எப்படி? 10 நாளில் உருப்படியா என்ன மிஞ்சும்?

திரைபிடிப்பவன்:
தம்பி, 15 நிமிஷத்துக்கு மேல போகாதீங்க. கட்டியங்காரன் (கதையைச் சொல்லிச் சிரிக்கவும் வைக்கிறவர்) வருகை, ஒரு ராஜா வேஷம் திரைக்குப் பின்னாடி நின்னு பாடுற திரை விருத்தம், ஒரு வாக்குவாதம். அது போதும்.

முதல் நாள் பாட்டைத் தொடாதீங்க. திரையில ஆரம்பிங்க. ஒரு வேட்டி, பிடிக்க ரெண்டு பேர், உள்ளே ஒரு பிள்ளை. முதல்ல காலடிச் சத்தம் மட்டும் கேக்கணும். அப்புறம் திரைக்கு மேல கண்ணு மட்டும் தெரியணும். எட்டு எண்ணிக்கை கழிச்சுத்தான் திரை விலகணும். பிள்ளைங்க மூணாவது எண்ணிக்கையிலேயே வெளிய பாஞ்சுடுவாங்க. திரை பிடிக்கிறவங்களையே எண்ணச் சொன்னா அது நிக்கும். நாலு பேர் முன்னாடி பேசவே கூசுற பிள்ளையை அந்த வேலையில போடுங்க. மூணாம் நாள் அது வாய்விட்டு எண்ணும்.

சிமெண்ட் தரையில அடவு வேண்டாம். ஓங்கி மிதிச்சுக் குதிகால் வலி வந்துடும். மண்தரை நல்லது, தண்ணி தெளிச்சுக்கங்க. சலங்கை ஆறாம் நாளுக்கு அப்புறம்தான். முன்னாடியே கட்டினா தாளம் தப்புறது சத்தத்துல மறைஞ்சுபோகும். கிறுக்கி, அதான் சுத்திச் சுத்தி ஆடுறது, வலப்பக்கம் ரெண்டு சுத்துன்னா இடப்பக்கமும் ரெண்டு. ஒரே பக்கம் சுத்தினா தலை கிறுகிறுத்து விழுவாங்க. கத்திரி வெயில், 20 நிமிஷத்துக்கு ஒருக்கா தண்ணியோ மோரோ கொடுங்க.

வில்லியனூர் வாசகி:
முழுக் கதை கேட்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்லுங்கள். புதுச்சேரியில் 1922-ல் மறைந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் சிறுவர்களை வைத்தே ஒரு நாடக சபை தொடங்கினார். அத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் அங்கேயே தங்கி, மாதக்கணக்கில் பாடம் பண்ணினார்கள். அந்த அளவை 10 நாளுக்கு வைக்கக் கூடாது.

குரல்: 8 முதல் 11 வயதுக்கு ஆர்மோனியத்தில் 5 கட்டைச் சுருதி ஒத்துவரும். 12 வயதுக்கு மேல் சில பையன்களுக்கு மகரக்கட்டு (பருவத்தில் குரல் உடைவது) இருக்கும். மேல் ஸ்தாயி கேட்டு நெருக்கினால் தொண்டை புண்ணாகும், பையன் கூச்சத்தில் ஒதுங்குவான். அவனுக்கு வசனம் கொடுங்கள். கட்டியங்காரன் வேஷம் அவனுக்கென்றே இருக்கிறது, உடைந்த குரலும் அங்கே சிரிப்புக்கு உதவும். வசனத்தை எழுதிக் கொடுக்காதீர்கள், துறைமுகத்து மீன் ஏலத்தை அவன் பேச்சிலேயே சொல்லட்டும்.

அரிதாரம்: கடைச் செந்தூரத்தில் ஈயம் கலந்திருக்கலாம், பிள்ளைகள் முகத்தில் வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்கான முகச்சாயம் வாங்கி, முதல் நாளே முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள். கலைக்கும்போது முதலில் தேங்காய் எண்ணெயும் பஞ்சும், பிறகு பயத்தமாவு. எடுத்த எடுப்பில் சோப்புப் போட்டால் சாயம் கண்ணில் இறங்கி எரியும்.

கிரீடம்: கல்யாண முருங்கைக் கட்டை இந்த வயதுக்குப் பாரம். அட்டையில் ஜிகினாத் தாள் ஒட்டினால் போதும். அடியில் நாலு விரல் அகலக் காடாத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிவிட்டு அதன்மேல் வையுங்கள். துணி இல்லாவிட்டால் வியர்வையில் வழுக்கிக் கண்ணை மறைக்கும்.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றிங்க. ஒரு கூத்து வாத்தியாரை ரெண்டு நாள் கூப்பிடலாம்னு இருக்கோம். காலையில வருவாரா?

திரைபிடிப்பவன்:
காலையில கூப்பிடாதீங்க. பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதக் கூத்து. விடிய விடிய ஆடிட்டு அப்பத்தான் கண்ணயர்வாங்க. அந்த ரெண்டு நாளை மட்டும் சாயங்காலம் 4 மணிக்கு மாத்துங்க, கடக்காத்தும் வந்துடும். சம்பளத்தை அன்னன்னைக்கே கையில கொடுத்துடுங்க. முகவீணை (நாயனம் மாதிரிச் சின்ன ஊதுகுழல்) வாசிக்கிறவரையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. முகவீணையைப் பக்கத்துல உக்காந்து கேட்ட பிள்ளைக்குச் சுருதி சீக்கிரம் பிடிபடும்.

என்ன மிஞ்சும்னு கேட்டீங்களே, ஆடுறவங்களை மட்டும் பாக்காதீங்க. ஏழாம் எட்டாம் நாள்ல ஓரமா உக்காந்திருக்கிறவங்களைப் பாருங்க. தன் முறை வராத பிள்ளை தொடையில தாளம் போட்டுக்கிட்டிருக்கும். ஆடுறவன் வரியை மறந்தா அடுத்த வரி அங்கேயிருந்து மெதுவா வரும். 14 வயசுப் பையன் கேக்காமலே 8 வயசுப் பிள்ளைக்குச் சலங்கை கட்டிவிடுவான். வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய கூலி எதுவும் இல்லை தம்பி.