அண்ணன் அனுப்பிய பணம் ‘பெயர் ஒத்துப்போகிறது’ என்று வங்கியில் நிற்கிறது. என்ன செய்வது?

நெல்பேட்டை டெய்லர்

மதுரை நெல்பேட்டையில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். அண்ணன் ரியாத்தில் ஏசி மெக்கானிக், பன்னிரண்டு வருடமாகிறது. மாதம் பிறந்தால் 5ஆம் தேதிக்குள் அம்மா கணக்கில் பணம் ஏறிவிடும். அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், அந்தப் பணத்தை நம்பித்தான் ஓடுகிறது. இந்த மாதம் 18 நாளாகியும் வரவில்லை.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “அனுப்பியவர் பெயர் ஒரு பட்டியலோடு ஒத்துப்போகுது, தலைமை அலுவலகத்துல பார்த்துட்டு இருக்காங்க” என்றார். என்ன பட்டியல் என்று கேட்டேன். “தீவிரவாதிகள் பட்டியல் சார்.” வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பாஸ்புக்கை மஞ்சப்பைக்குள் வைக்கும்போது அம்மாவுக்குக் கை நடுங்கியது. ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை ஒரே கேள்விதான்: “அவன் என்னப்பா செஞ்சான்?”

அண்ணன் பெயரை இங்கே போடவில்லை. எங்கள் தெருவிலேயே அந்தப் பெயரில் நாலு பேர் உண்டு. அத்தா பெயரும் அப்படித்தான். அண்ணன் மேல் வழக்கு இருக்கிறதா? அம்மா கணக்கையும் முடக்கிவிடுவார்களா? யாரிடம் போய்ச் சொல்வது?

வண்டியூர் வாசி

பேசாமல் ஊருக்கு வருகிற ஆள் மூலமாகவோ, அங்கே கட்டினால் இங்கே கொடுக்கிறவர்கள் மூலமாகவோ அனுப்பச் சொல்லுங்கள். ஒரே நாளில் கைக்கு வந்துவிடும்.

மேலூர் பழைய பேங்க்காரர்

தம்பி, மேலே சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். இன்றைக்கு உங்கள் அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஹவாலாவில் அனுப்பினால் நாளைக்கு நிஜமாகவே தப்பு இருக்கும்.

நான் முப்பது வருடம் வங்கியில் இருந்தேன், கடைசி ஒன்பது வருடம் வெளிநாட்டுப் பணம் வருகிற பிரிவில். உங்களுக்கு நடந்திருப்பது முடக்கம் அல்ல, நிறுத்திவைப்பு. அதாவது பெயரைச் சரிபார்க்கும்வரை பணம் காத்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஐ.நா. பாதுகாப்பு சபை 1999இல் 1267 என்ற தீர்மானம் போட்டது. அப்போது அது தாலிபானுக்காக. பிறகு அல்கொய்தா, ஐஎஸ் ஆட்களின் பெயர்களும் ஏறின. அந்தப் பட்டியலில் இருக்கிறவரின் பணத்தை எல்லா நாடும் முடக்க வேண்டும். நம் நாட்டில் அதற்கான பிரிவு 51ஏ. மும்பைத் தாக்குதல் நடந்த அடுத்த மாதம், 2008 டிசம்பரில் ஊபா (யுஏபிஏ) என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2019இல் தனி நபரையும் பயங்கரவாதி என்று அறிவிக்கலாம் என்று திருத்தம் வந்தது. மசூத் அசார், ஹபீஸ் சயீத், லக்வி, தாவூத் இப்ராகிம் நாலு பேரும்தான் அந்த இந்தியப் பட்டியலில் முதலில் ஏறியவர்கள்.

இந்தப் பெயர்களோடு ஒவ்வொரு பணத்தையும் ஒப்பிடுவது மென்பொருள். எழுத்து கொஞ்சம் மாறினாலும் பிடிக்கிற மாதிரிதான் அமைத்திருப்பார்கள். சரி, நம் ஊர்ப் பெயர் அதில் என்ன பாடு படுகிறது பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயர் ஆக்கிவிடுகிறார்கள். சவுதி போனதும் இகாமாவுக்காக (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) அதை அரபியில் எழுதி, அரபியிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். முகமது என்ற பெயரில் ஆதாரில் ஒரு ‘எம்’, பாஸ்போர்ட்டில் இரண்டு ‘எம்’, இகாமாவில் ‘ஓ’ போய் ‘யு’. எங்கள் திரையில் ஒரு நாளைக்கு இருபது பெயர் சிவப்பில் வரும். நான் இருந்த ஒன்பது வருடத்தில் ஒன்றுகூட நிஜமான ஆளாக இருந்ததில்லை.

ஐ.நா. பட்டியல் ரகசியம் இல்லை, இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஒவ்வொரு ஆளுக்கும் எண், பிறந்த தேதி, ஊர், பாஸ்போர்ட் எண், வேறு பெயர்கள் என்று தெரிந்த அளவுக்குப் போட்டிருப்பார்கள். எந்தப் பட்டியல், எந்த எண்ணோடு ஒத்துப்போகிறது என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அண்ணனின் பாஸ்போர்ட் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் (அதில்தான் அப்பா அம்மா பெயர் இருக்கும்), இகாமா, சம்பளச் சீட்டு, அம்மாவின் டயாலிசிஸ் பில் எல்லாவற்றையும் கடிதத்தோடு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத கடிதம் மேஜையிலேயே தூங்கும். நானே தூங்க வைத்திருக்கிறேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது.

உலகனேரி வக்கீல்

அய்யா சொன்னது சரி. கூடுதலாக ஒன்று. ஒருவேளை தவறுதலாக நிஜமாகவே முடக்கிவிட்டாலும் வழி உண்டு. ஆதாரத்தோடு வங்கியில் மனுக் கொடுத்தால் அவர்கள் இரண்டு வேலை நாளில் மேலே அனுப்ப வேண்டும். உள்துறை அமைச்சகத்தில் இதற்கென்றே இருக்கிற நோடல் அதிகாரி சரிபார்த்து, அந்த ஆள் இல்லை என்று தெரிந்தால் 15 வேலை நாளில் விடுவிக்க வேண்டும். பட்டியலில் பெயரே ஏறியவர்களின் பாடுதான் கொடுமை. முடக்குவதற்கு முன்னால் அவர்களுக்கு நோட்டீஸ் கிடையாது. சவுதி வணிகர் யாசின் காதியின் பெயர் 2001இல் ஏறியது. காரணத்தைச் சொல்லாமல், அவர் தரப்பைக் கேட்காமல் முடக்கியது தப்பு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் சொன்னது. ஐ.நா. அவர் பெயரை எடுத்தது 2012இல். பிரிட்டனில் இப்படிப்பட்டவர்களின் மனைவிமார் தங்களுக்கு வருகிற அரசு உதவித்தொகையைச் செலவழித்ததற்கு மாதா மாதம் ரசீதோடு கருவூலத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 2010இல் அதே நீதிமன்றம்தான் அந்தத் தொகைக்கு முடக்கம் பொருந்தாது என்றது. சந்தேகத்தின் பேரில் ஒரு வீட்டு அடுப்பையே அணைக்கிற அதிகாரம் இது. வழக்கு என்று ஒன்று நடந்தாலாவது வாதாடலாம். இதில் அதற்கே வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு இப்போது வக்கீல் தேவையில்லை. கடிதம் போதும்.

நெல்பேட்டை டெய்லர்

எல்லோருக்கும் நன்றி. அய்யா சொன்னபடி எல்லாம் கொடுத்து முத்திரை வாங்கினேன். ஆறாவது நாள் பணம் ஏறிவிட்டது. பட்டியலில் இருக்கிற ஆள் அண்ணனைவிட 21 வயது மூத்தவராம், ஊரும் வேறு, அப்பா பெயரும் வேறு. மேனேஜர் நல்ல மாதிரி, உட்காரவைத்துச் சொன்னார். ஆனால் அம்மா வரவில்லை. இனி அந்த வங்கிப் படி ஏற மாட்டேன் என்கிறார்.

அய்யா, அடுத்த மாதமும் இப்படியே நிற்குமா?

மேலூர் பழைய பேங்க்காரர்

நிற்கலாம் தம்பி. ‘இவர் அவர் இல்லை’ என்று கணினியில் குறித்துவைக்க வங்கிக்கு வசதி உண்டு. குறித்துவிட்டார்களா என்று மேனேஜரிடமே கேளுங்கள். அண்ணனையும் எப்போதும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்திலேயே பெயர் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள், அவர் பிள்ளை எதுவும் செய்யவில்லை என்று இங்கே ஒரு பழைய வங்கிக்காரர் சொன்னார் என்று.

நெல்பேட்டை டெய்லர்

படித்துக் காட்டினேன் அய்யா. இன்னொரு தடவை படி என்றார். 5ஆம் தேதி வங்கிக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.