மூக்கில் அடிக்கும் மருந்து: நம் அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்கு வலிப்பு நோய் உண்டு. ஐந்து நிமிடத்தில் வலிப்பு நிற்காவிட்டால் மூக்கில் அடிக்கும்படி மிடசோலம் ஸ்பிரேயை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார், கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்ற கணக்கில், 15 கிலோ எடையுள்ள அவனுக்கு 3 மில்லிகிராம், அதாவது ஓர் அழுத்தத்துக்கு 0.5 மில்லிகிராம் வீதம் ஒவ்வொரு நாசியிலும் மூன்று அழுத்தம். அளவைச் சொன்னார்களே தவிர, அடிக்கும் முறையை யாரும் செய்து காட்டவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பேருந்தில், கொண்டை ஊசி வளைவொன்றில் அவனுக்கு வலிப்பு வந்தது. அன்று அவனுக்குக் கடுமையான சளி. பதற்றத்தில் மூக்கைத் துடைக்காமலே வலது நாசியில் அடித்தேன். மூன்று அழுத்தமும் சளியோடு கலந்து மேலுதட்டில் வழிந்தன. பக்கத்து இருக்கை அக்கா தன் முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்ட பிறகு இடது நாசியில் அடித்த மருந்துதான் உள்ளே தங்கியது. சில நிமிடங்களில் அவன் கைகால்கள் தளர்ந்தன.

நாசியின் உட்சவ்வு விரித்தால் ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர் இருக்கும்; அதன் அடியில் நெருங்கி ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மருந்தை உறிஞ்சிக்கொள்வதால், அது குடலுக்கும் கல்லீரலுக்கும் போகாமல் நேரே இரத்தத்தில் கலக்கிறது. பல் கிட்டிய குழந்தைக்கு வாய்வழியே எதையும் கொடுக்க முடியாத நேரத்தில் இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் சளி படிந்திருந்தால் மருந்து சவ்வைத் தொடுவதில்லை. ஒரே நாசியில் அதிகமாக அடித்தால் தொண்டைக்கு வழிந்துவிடும் என்பதால்தான் இரண்டிலும் பிரித்து அடிக்கச் சொல்கிறார்கள்.

பேருந்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு நீலகிரித் தைலத்தை முகரக் கொடுக்கச் சொன்னார். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் அந்தத் தைலமே வலிப்பைத் தூண்டக்கூடியது. வலிப்புள்ள குழந்தையின் அருகே தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள்.

கொடைக்கானலிலிருந்து ஓர் ஆசிரியர்:

எனக்கு ஒவ்வாமைத் தும்மலுக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே. அது இரத்தத்தில் கலப்பதற்கான மருந்தன்று, சவ்வின் வீக்கத்தை அங்கேயே தணிப்பது. இரு நாசிகளையும் பிரிக்கும் நடுத்தண்டை நோக்கி அடித்து வந்ததால் அடிக்கடி இரத்தம் கசிந்தது. இப்போது தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது நாசியிலும் இடது கையால் வலது நாசியிலும், முனையைக் காதுப் பக்கம் சாய்த்து அடித்து, மெல்ல மூச்சை இழுக்கிறேன். கசிவு நின்றுவிட்டது.